கிறிஸ்துமஸ் மதியம், 25 பேர், ஒரு சின்ன ஓவன்: என்னென்ன இனிப்பு செய்யலாம்?

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று மதியம் எங்கள் வீட்டில் 25 பேர் கூடுகிறோம். பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதி அலுவலக நண்பர்களும் அக்கம்பக்கத்தினரும். சிலர் முட்டை சாப்பிட மாட்டார்கள். பிளம் கேக்கைக் கடையில் வாங்கிவிடலாம் என்றிருக்கிறோம். கூடவே வீட்டில் என்ன இனிப்பு செய்யலாம்? இருப்பது சின்ன ஓவன்தான், செய்யவும் நான் ஒருத்திதான்.

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 25ஆம் தேதி அன்று எந்த இனிப்பையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். முந்தின நாள் ராத்திரி கோயிலுக்குப் போயிருப்பீர்கள், அல்லது விடியற்காலை ஆராதனைக்கு 3 மணிக்கே எழுந்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கவே நேரம் சரியாக இருக்கும். அதனால் காத்திருக்கத் தெரிந்த இனிப்புகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் கிறிஸ்துமஸ் பலகாரங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். நாலு நாள் முன்னாலேயே செய்து டின்னில் போட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது.

நான் நாகர்கோவில் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் டிசம்பர் 20 ஆகிவிட்டால் பலகாரம் சுட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வழக்கத்திலிருந்தும், பிற்பாடு நானே பெரிய கூட்டங்களுக்குச் செய்து பார்த்ததிலிருந்தும் சொல்கிறேன்.

கேக்கைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். கடையில் வாங்கலாம் என்பது நல்ல முடிவு. ஒரு கிலோ கேக்கை 25 துண்டு போட்டால் ஆளுக்கு 40 கிராம் வரும். மற்ற இனிப்புகளும் இருப்பதால் அது தாராளம். வாங்கும்போது, பழங்களை ரம்மில் ஊறவைத்தார்களா, திராட்சைச் சாற்றிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மது கலந்ததைத் தொடாத நண்பர்கள் வரக்கூடும். அவர்கள் சாப்பிட்ட பிறகு தெரிந்தால் சங்கடம். பிளம் கேக்கில் பிளம் எங்கே என்று குழந்தைகள் கேட்டால், பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் பிளம் என்றுதான் பெயர் என்று சொல்லுங்கள். இந்தக் கேக் நம் பக்கம் வந்த கதையும் நல்ல கதை. 1883இல் கேரளத்துத் தலச்சேரியில் பிஸ்கட் தொழில் நடத்திய மாம்பள்ளி பாப்புவிடம், அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்தின் முர்டாக் பிரவுன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக் ஒன்றைக் காட்டி, இதே மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டாராம். பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் செய்தார் பாப்பு. இந்தியாவில் சுட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று சொல்வார்கள்.

சரி, வீட்டில் செய்ய வேண்டியதற்கு வருவோம். எனக்கு முதலில் தோன்றுவது முந்திரிக்கொத்து. கன்னியாகுமரி, திருநெல்வேலி வீடுகளில் இது இல்லாமல் பண்டிகையே கிடையாது. முட்டை இல்லை, பால் இல்லை, அதனால் வருகிற எல்லோருமே சாப்பிடலாம். பேரில் முந்திரி இருக்கிறதே என்று முந்திரிப்பருப்பைத் தேடாதீர்கள். திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று ஒரு பழைய பெயர் உண்டு. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும் பலகாரம் இது.

அரை கிலோ பாசிப்பயறை மிதமான தீயில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து, ரவை பதத்துக்குப் பொடித்துக்கொள்ளுங்கள். நைசாக அரைத்தால் வாயில் ஒட்டும். ஒரு தேங்காயைத் துருவி, ஈரம் முழுக்கப் போய்ப் பொன்னிறமாகும் வரை வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மூன்றாம் நாளே சிக்கு வாடை வந்துவிடும். கூடவே வறுத்த எள் ஒரு பிடி, ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. 400 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஒரு கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சிச் சூடாகவே மாவில் ஊற்றிக் கிளறுங்கள். கருப்பட்டி கிடைத்தால் பாதிக்குப் பாதி சேர்க்கலாம், மணம் தனியாகத் தெரியும். கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள்.

உருட்டியதும் பொரிக்கக் கூடாது. தட்டில் பரப்பி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். உருண்டைகள் இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும். நான் கல்யாணமான முதல் வருஷம் அதற்குப் பொறுக்காமல் அன்றைக்கே எண்ணெயில் போட்டேன். பாதி உருண்டை உடைந்து கரைந்து எண்ணெய் முழுக்கக் கறுத்துவிட்டது. மேல்மாவுக்குப் பச்சரிசி மாவும் மைதாவும் சரிபாதி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு. இட்லி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகக் கரைக்க வேண்டும். மூன்று உருண்டைகளை ஒன்றாகப் போட்டு, மூன்று விரலால் சேர்த்து அள்ளி, கடாயின் ஓரமாக வழுக்கி விடுங்கள். எண்ணெயில் விழுந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதல் நாலைந்து கொத்து பிரிந்து போகும், அப்புறம் கை தானாகப் பழகிவிடும். அரை கிலோ பயறுக்கு 30 கொத்துக்குக் குறையாமல் வரும்.

அடுத்தது அச்சு முறுக்கு. சென்னையில் ரோஸ் குக்கீஸ் என்பார்கள், கேரளத்தில் அச்சப்பம். இலங்கையில் இதே மாதிரி அச்சில் சுடுவதற்குக் கொக்கிஸ் என்று பெயர், டச்சுக்காரர்களின் சொல்லிலிருந்து வந்தது. ஸ்வீடன், நார்வே பக்கமும் கிறிஸ்துமஸுக்கு ஏறக்குறைய இதே அச்சை எண்ணெயில் முக்குகிறார்கள். ஆனால் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மொறுமொறுப்பு நம்முடையது.

இதில் மாவைவிட அச்சுதான் முக்கியம். புது இரும்பு அச்சு என்றால் இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரில் போட்டு வையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு கழுவித் துடைத்து, ஒரு ராத்திரி எண்ணெயில் கிடக்கட்டும். முடிந்தால் தெரிந்தவர்கள் வீட்டுப் பழைய அச்சைக் கேட்டு வாங்குங்கள். என்னிடம் இருப்பது என் மாமியார் தந்தது. ஒரு முறைகூட மாவு ஒட்டியதில்லை.

இரண்டு கப் பச்சரிசி மாவு, அரை கப் மைதா, முக்கால் கப் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, உப்பு, கருப்பு எள். கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுக் கரைத்தால் தோசை மாவைவிட ஒரு சுற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். முட்டை வேண்டாம் என்றால் மைதாவை ஒரு கப் ஆக்கிக்கொள்ளுங்கள், நன்றாகவே வரும். உங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு நான் முட்டையில்லாமல்தான் செய்யச் சொல்வேன். அச்சு எண்ணெயிலேயே கிடந்து சூடாக வேண்டும். எடுத்து ஒரு நொடி எண்ணெயை வடியவிட்டு மாவில் முக்கும்போது 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வரவில்லையா, சூடு பத்தாது. முக்கால் உயரம்தான் முக்கலாம். மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டி மூடிக்கொண்டால் முறுக்கு கழன்று வராது. திரும்ப எண்ணெயில் பிடித்து, பத்து இருபது நொடியில் லேசாக உதறினால் பூ தனியாக மிதக்கும். எடுக்கும்போது கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுவென்று ஆகிவிடும். மெத்தென்று இருக்கிறதே என்று மேலும் விட்டால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கல்கலாவும் செய்யலாம். மைதா, சர்க்கரைப் பொடி, சூடான நெய், தேங்காய்ப்பால் சேர்த்துப் பூரி மாவு மாதிரி பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்ட வேண்டியதுதான். இதற்கென்றே புதுச் சீப்பு வாங்கி வைக்கிற வீடுகளும் உண்டு. கோவாவில் இதைக் கிடியோ, அதாவது புழுக்கள், என்கிறார்கள். அதைச் சொன்னால் பிள்ளைகள் உற்சாகமாகி ஒரு கிலோ மாவையும் உருட்டித் தள்ளிவிடுவார்கள். இளந்தீயில் நிதானமாகப் பொரியுங்கள், உள்ளே வேகாவிட்டால் இரண்டு நாளில் நமுத்துப்போகும்.

இனி ஓவன். அது சின்னது என்பதால் பெரிய கேக்குக்கு அதைக் கஷ்டப்படுத்த வேண்டாம். தட்டையான தட்டில் சுட்டுச் சின்னச் சதுரங்களாக வெட்டுகிற இலங்கை லவ் கேக்தான் அதற்குப் பொருத்தம். அங்கே குடியேறிய டச்சு, போர்த்துக்கீசியர் வழிவந்த பர்கர் குடும்பங்களின் சமையல் என்பார்கள், இன்று இலங்கையில் எல்லோருமே செய்கிறார்கள். மைதா கிடையாது, ரவையும் முந்திரியும்தான். வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே அல்வா மாதிரி ஈரமாகவும் இருக்கும். நெருங்கின சொந்தங்களுக்கு என்று ஒன்று செய்தால் நான் இதைத்தான் செய்வேன்.

150 கிராம் ரவையை லேசாகச் சூடுகாட்டி, 125 கிராம் வெண்ணெயோடு குழைத்து அரை மணி நேரம் வையுங்கள். 6 மஞ்சள் கருவையும் 250 கிராம் சர்க்கரையையும் வெளுத்துக் கெட்டியாகும் வரை அடியுங்கள். இரண்டையும் சேர்த்து, பொடியாக நறுக்கிய 200 கிராம் முந்திரி, இரண்டு கரண்டி தேன், இரண்டு கரண்டி பன்னீர், ஏலக்காய், ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல் துருவல் எல்லாம் போடுங்கள். பன்னீர் என்றால் சமையலுக்கான ரோஜாப் பன்னீர், தெளிக்கிற பன்னீரை வாங்கிவிடாதீர்கள். இலங்கையில் நீர்ப்பூசணியைச் சர்க்கரைப்பாகில் போட்டுச் செய்த மிட்டாயும் சேர்ப்பார்கள். இங்கே மிட்டாய்க் கடையில் கிடைக்கிற ஆக்ரா பேடாவும் அதே நீர்ப்பூசணிதான். 100 கிராம் வாங்கி நறுக்கிப் போடுங்கள், வித்தியாசம் தெரியாது. கடைசியாக 2 வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து மெதுவாகக் கலந்து, எட்டு அங்குலச் சதுரத் தட்டில் அடியில் இரண்டு மடிப்புத் தாள் போட்டு, 150 டிகிரியில் ஒரு மணி நேரம். குச்சி சுத்தமாக வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், உள்ளே ஈரம் இருக்கத்தான் வேண்டும். மேலே நல்ல பழுப்பு நிறம் வந்தால் எடுத்துவிடலாம். மறுநாள் ஆறாறாக வெட்டினால் 36 துண்டு.

இப்போது 4 வெள்ளைக் கரு மிச்சம் இருக்கும். அதை வீணாக்க வேண்டாம், தூத்துக்குடி மக்ரூன் போட்டுவிடுங்கள். மக்ரூன் ஐரோப்பாவிலிருந்து வந்த இனிப்பு, அங்கே பாதாமில் செய்வது. தூத்துக்குடியில் முந்திரியில் செய்தார்கள். அந்த முந்திரி மரமும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். 200 கிராம் முந்திரியை வெயிலில் காயவைத்து, மிக்ஸியை விட்டு விட்டுச் சுற்றிப் பொடியுங்கள். ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் விட்டுப் பசையாகிவிடும், நுரையும் அமுங்கிப்போகும். வெள்ளைக் கருவில் மஞ்சள் ஒரு சொட்டு இருந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. பாத்திரத்தை எலுமிச்சையால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். நுரை கெட்டிப்பட்டதும் 200 கிராம் பொடித்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்து, முந்திரிப் பொடியைக் கரண்டியால் மடித்துக் கலந்து, மூலை வெட்டிய கவரில் போட்டுக் கூம்பாகப் பிழியுங்கள். 110 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். சுடுகிறோம் என்பதைவிட உலர்த்துகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிட்டு, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும். மழை பெய்கிற நாளில் இதைத் தொடவே வேண்டாம். டிசம்பர் ஈரத்தில் மக்ரூன் அரை நாளில் பிசுபிசுத்துவிடும்.

இது எல்லாம் கையில் எடுத்துக் கடிக்கிறவை. சாப்பாடு முடிந்ததும் குளிர்ச்சியாகக் கரண்டியில் எடுக்க ஏதாவது ஒன்று வேண்டும். அதற்கு இளநீர் புட்டிங். இதில் ஜெலட்டின் வேண்டாம், சைனாகிராஸ் வாங்குங்கள். ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் அது ஆகாது. இன்னொன்று, நம் ஊர் மதியச் சூட்டில் ஜெலட்டின் மேசை மேலேயே இளகிவிடும். சைனாகிராஸ் கடற்பாசியிலிருந்து வருவது. 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறைய ஆரம்பிக்கும், ஒருமுறை உறைந்தால் 80 டிகிரிக்கு மேலே போனால்தான் இளகும். ஃப்ரிட்ஜில் இடம் இல்லாத பண்டிகை நாளில் இது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குப் புரியும். அதற்கான மரிக்கொழுந்துப் பாசியை ராமநாதபுரம் கடற்கரையில், மன்னார் வளைகுடாவில் முங்கி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாறைகளில் ஒட்டியிருப்பதைக் கையால் பிய்த்தெடுக்கிற கடினமான வேலை அது.

10 கிராம் சைனாகிராஸை நறுக்கி 400 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு நார்கூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். இன்னொரு அடுப்பில் 400 மில்லி பாலும் அரை டின் கண்டென்ஸ்டு மில்க்கும் சூடாகட்டும். இரண்டையும் வடிகட்டிச் சேருங்கள். ஒரு கப் இளநீரையும், மிக்ஸியில் அடித்த ஒரு கப் வழுக்கையையும் கடைசியாக ஊற்றிக் கலக்குங்கள். இளநீரைக் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினாலும் கெட்டுவிடும், பட்ட இடத்தில் திரித்திரியாக உறைந்துபோகும். அதனால் வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகு ஊற்றுங்கள். 25 பேருக்கு இந்த அளவை இரண்டு மடங்காக்கி, சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிவிடுங்கள். பெரிய தட்டில் ஊற்றி வெட்டினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் வெட்டிப் போட ஆள் இருக்காது.

பெரியவர்களுக்கு முட்டைப் புட்டிங் பிடிக்கும் என்றால் அதற்கும் ஓவன் வேண்டாம், இட்லிச் சட்டி போதும். அரை லிட்டர் பால், 4 முட்டை, 100 கிராம் சர்க்கரை. அடியில் ஊற்றுகிற சர்க்கரையைக் கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீயின், நிறம் வரும்வரை தைரியமாகக் காய்ச்சுங்கள், தேன் நிறத்தில் நிறுத்தினால் வெறும் தித்திப்புதான் இருக்கும். கலவையைக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். மூடிக்கு அடியில் ஒரு துணியைக் கட்டிவிட்டால் ஆவித்தண்ணீர் சொட்டாது. தீ கூடினால் உள்ளே ஓட்டை ஓட்டையாக வந்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, அசைந்துகொண்டிருந்தால் போதும்.

ஒருத்தியாகவே செய்கிறேன் என்கிறீர்கள், எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, இளநீர் புட்டிங், இந்த மூன்றும் கடைக் கேக்கும் போதும். மூன்றிலும் முட்டை இல்லை. நேரம் இருந்தால் மட்டும் லவ் கேக்கும் மக்ரூனும். 19ஆம் தேதி ராத்திரி முந்திரிக்கொத்துக்கு உருட்டி வைத்து 20இல் பொரித்துவிடுங்கள். 21இல் அச்சு முறுக்கு. 23இல் ஓவன் வேலை. 24 சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும் முன் புட்டிங்கை ஊற்றிவிட்டால் விடிவதற்குள் உறைந்திருக்கும். பொரித்ததெல்லாம் முழுக்க ஆறிய பிறகுதான் டின்னுக்குப் போக வேண்டும், அடியிலும் மேலேயும் தாள் போடுங்கள். முட்டை சேர்த்த தட்டுகளை மேசையின் ஒரு ஓரமாகத் தனியே வைத்து, ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள். முட்டை சாப்பிடாதவர் ஒவ்வொன்றுக்கும் உங்களைத் தேடிவந்து கேட்க வேண்டியிருக்காது.

அப்புறம், தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து பலகாரம் வந்த டப்பாக்கள் உங்கள் அலமாரியில் இருக்கும். அவற்றை இப்போதே எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். அச்சு முறுக்கு உடையாமல் அடுக்க அகலமான டப்பாதான் வசதி, அதனால் யார் வீட்டு டப்பா அகலம் என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.